ஊட்டிக்குப் போன பதினான்கு குச்சிகள்

இருபத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தேன். கேண்டீன் தொடங்கியபோது ஓசூர் கடைவீதியில் அலைந்து அண்டா வாங்கியவன் நான். முதல் கம்பெனி பஸ் ஓடியபோது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நேரம் குறித்தவன் நான். ஆனால் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பழைய ஆள் எவனாவது எதிரே வந்தால் கேட்பது ஒன்றுதான்: "என்ன கோல்ஃபு, சவுக்கியமா?"

பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்தக் கோல்ஃப் குச்சிகளை எண்ணுவதற்குத் தவிர வேறு எதற்கும் நான் தொட்டதில்லை. ஊட்டியையும் பார்த்ததில்லை. பதினோரு கோடைகள் மற்றவர்களை அங்கே அனுப்பி வைத்ததோடு சரி.

போன மாதம் இப்போது என் நாற்காலியில் இருக்கிற தம்பி போன் செய்தான். "சார், மே மாசம் ஊட்டிக்கு ஒரு கோல்ஃப் ட்ரிப் போடறோம். ஏஜென்சிக்காரன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டான். நீங்க இதுக்குன்னு தனி ஃபைலே வெச்சிருந்தீங்களாமே, மூணு மாசம் அப்பிடி என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சிரிப்பதும் கேட்டது. எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். அப்படி என்ன செய்தேன் என்று அவனுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகவாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த தைரியத்தில் கெலமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தேன். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. இரண்டு வருடம் தபால் பிரித்தேன், இரண்டு வருடம் கேட் பாஸ் எழுதினேன். கம்பெனியை விட்டு ஓர் ஆணி வெளியே போவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். போன பொருள் திரும்பி வர வேண்டியதென்றால் அதற்குத் தனியாக ஒரு 'ரிட்டர்னபிள்' பாஸ் உண்டு. அதில் நம்பர் போட்டு, எண்ணிக்கை எழுதி, திரும்பும்போது அதே எண்ணிக்கை கேட்டுக்குள் நுழைய வேண்டும். நான் கற்ற கல்வி இவ்வளவுதான். என்னைக் கெடுத்ததும் இதுதான்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு புதிய ஜி.எம். வந்தார். பெங்களூரில் வீடு. காலை ஏழு பத்துக்கு அவர் கார் கேட்டில் நுழையும். ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. கம்பெனியில் பச்சை மைப் பேனா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகளில் இரண்டு வார்த்தை எழுதி அனுப்புவார். கையெழுத்து இருக்காது. அறைக் கம்பளத்தில் கேண்டீன் டம்ளர் ஒன்றைப் படுக்க வைத்து, கழிவுப் பஞ்சை நூலால் இறுக்கிக் கட்டிய உருண்டையைக் குச்சியால் அதற்குள் தள்ளிக்கொண்டே கடிதம் டிக்டேட் செய்வார். உருண்டை டம்ளருக்குள் போய்விட்டால் கடிதம் மரியாதையாக இருக்கும். போகாவிட்டால் அந்தக் கடிதம் போய்ச் சேரும் சப்ளையரை நினைத்து நான் பரிதாபப்படுவேன்.

அவருடைய முக்கியமான உத்தரவு ஒரே வார்த்தை. "பாத்துக்கோ." என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும், தப்பானால் யார் தலை என்பதெல்லாம் அந்த வார்த்தைக்குள்ளே இருக்கும். சரியாக முடிந்தால் அவர் சொன்னது. கோணலானால் நான் பார்த்துக்கொண்டது.

எங்களுக்குத் தொழில்நுட்பம் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வருடா வருடம் மே மாதம் ஒரு விருந்தாளி வருவார். மே மாதம் எங்களுக்கு ஷட்டவுன் வாரம், எல்லா மெஷினையும் பிரித்துப் போட்டிருப்பார்கள். அந்த வாரத்தில் விருந்தாளியை ஊட்டிக்கு அழைத்துப்போய் மூன்று நாள் கோல்ஃப் ஆட வைப்பது ஜி.எம்.மின் ஏற்பாடு. ஏற்பாடு என்றால் ஏற்பாடு செய்வது நான்.

பிப்ரவரியில் பச்சைச் சீட்டு வரும்: 'மே. ஊட்டி. பாத்துக்கோ.' அன்றைக்கே மைதானத்துச் செயலாளருக்கு விருந்தாளி அனுமதி கேட்டுக் கடிதம் போடுவேன். பதில் மார்ச்சில் வரும், அதில் விருந்தாளியின் பெயரில் இரண்டு எழுத்து தப்பாக இருக்கும். திருத்தம் கேட்டு மறுபடி கடிதம். மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டியில் ஓர் அறை கிடைப்பதற்குள் உயிர் போய்விடும். டிரங்க் கால் புக் செய்துவிட்டு ரிசீவர் பக்கத்திலேயே தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் கழித்து லைன் கிடைக்கும், "ஹலோ ஊட்டியா?" என்பேன், அதோடு போய்விடும். இதற்கு நடுவே ஜி.எம். இன்டர்காமில், "முனிரத்தினம், மழை வருமா?" என்பார். வருண பகவான் எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

வழியிலும் வம்பு. சேலம் வழியாகப் போனால் சூடு என்பார். அதனால் பெங்களூர், மைசூர் வழி. நம் மாநிலத்திலிருந்து நம் மாநிலத்துக்குப் போக இரண்டு முறை செக்போஸ்ட் தாண்ட வேண்டும். காரின் காகிதங்களை நான் இரண்டு செட்டாக வைத்து அனுப்புவேன். விருந்தாளிக்கு மிளகாய் ஆகாது, ஜி.எம்.முக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. ஒருவருக்கு ரொட்டியும் ஜாமும், இன்னொருவருக்கு மோர் ஃபிளாஸ்க். கொண்டை ஊசி வளைவில் விருந்தாளி வாந்தி எடுத்தால் எலுமிச்சம்பழம். காலர் இல்லாத சட்டை போட்டால் மைதானத்தில் விடமாட்டார்கள் என்பதால் உபரியாக ஒரு சட்டை. மைதானத்தில் கோல்ஃப் பை தூக்கி வருகிற 'கேடி'க்கு முன்கூட்டியே ஒரு தபால் கார்டு. போஜன் என்று ஓர் ஆள். நான்கு வருடம் அவனோடு தபாலிலேயே பழக்கம், முகம் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு வருடம், விருந்தாளிகளுக்கென்று கம்பெனி வாங்கி வைத்திருந்த கோல்ஃப் செட்டில் ஒரு கையுறை காணாமல் போனது. ஆடிட்டில் வந்தவர் அந்த ஒற்றைக் கையுறையைப் பிடித்துக்கொண்டு என்னை இரண்டு நாள் உட்கார விடவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மே வருவதற்குள் பையில் இருந்த பதினான்கு குச்சிகளையும் டூல் ரூமுக்கு எடுத்துப்போனேன். ஸ்பேனருக்கும் டிரில்லுக்கும் அடிப்பது போலவே ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனி எழுத்தும் ஒன்றிலிருந்து பதினான்கு வரை நம்பரும் வெட்டச் சொன்னேன். அவர்களும் சிரத்தையாக ஆழமாகவே வெட்டிக் கொடுத்தார்கள். இனி இது ரிட்டர்னபிள் கேட் பாஸில்தான் வெளியே போகும் என்று ஃபைலில் எழுதி, ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பதினான்காம் நம்பர், பந்தைக் கடைசியாகக் குழிக்குள் தள்ளுகிற குட்டைக் குச்சி. ஜி.எம்.முக்கு உயிர் அதில். நம்பர் வெட்டிய இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"என்னய்யா இது, ஸ்பேனரா?"

"ஆடிட்டுக்காக சார்."

"பேலன்ஸ் போச்சு. இனிமே இது நேரா போகுமா?" அவ்வளவுதான் சொன்னார். பஞ்சு உருண்டையைத் தள்ளினார். அது டம்ளரைத் தாண்டிப் போய் அலமாரிக்கு அடியில் நின்றது. அதையும் நான்தான் குனிந்து எடுத்தேன்.

அந்த வருடம் காரை ஓட்டியவன் காதர் பாஷா. ராயக்கோட்டைப் பையன், அவன் அத்தா அங்கே தக்காளி மண்டியில் தரகு வேலை பார்த்தார். ஏழு வருடமாகக் கம்பெனியில் டெம்பரரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி புது ஆளாக எடுப்பார்கள். கிருஷ்ணகிரியில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அத்தா மாங்காய் வியாபாரி, "பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணுல காட்டு, நிக்காஹ் தேதி சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். ஆர்டர் டைப் ஆகி என் டிராயரில் இருந்தது. ஊட்டியிலிருந்து வந்ததும் கையெழுத்துப் போடுவதாக ஜி.எம். சொல்லியிருந்தார். புறப்படுகிற அன்று காதர் காரைத் துடைத்துக்கொண்டே, "சார், அந்த ஆர்டர்ல பேரு சரியா இருக்குதுங்களா? காதர் பாட்சான்னு போட்டுறப் போறாங்க" என்றான். டிராயரைத் திறந்து காட்டினேன். தொடக்கூடப் பயந்துகொண்டு எட்டிப் படித்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கார் திரும்பி வந்தது. விருந்தாளி விமானம் ஏறிவிட்டார், ஜி.எம். பெங்களூரிலேயே இறங்கிக்கொண்டார். காதரும் கோல்ஃப் பையும் மட்டும் கேட்டுக்கு வந்தார்கள். அங்கே இருந்தவர் எங்கள் செக்யூரிட்டி அதிகாரி லிங்கப்பா. தளிக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்தே வரும். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: பாஸ் வைத்திருப்பவர்கள், வைத்திருக்காதவர்கள்.

பையைக் கவிழ்த்து எண்ணினார். எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் போய் எண்ணினேன். பதின்மூன்று.

"ஹதினாலு ஹோயித்து, ஹதிமூரு பந்தித்து" என்றார் சுபேதார். "பதினாலு போச்சு, பதிமூணு வந்திருக்குது. இன்னொண்ணு எல்லப்பா, எங்க போச்சு காதர்?"

காதர் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஐயாவைக் கேளுங்க சார்" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சுபேதார் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினார்: 'பதினான்காம் நம்பர் குறைவு. கொண்டுவந்தவர்: காதர் பாஷா.' முப்பது நாளுக்குள் பொருளோ, உபயோகித்தவரின் கையெழுத்தோ வராவிட்டால் ரிப்போர்ட் பெர்சனல் டிபார்ட்மென்டுக்குப் போய்விடும். டெம்பரரி ஆளின் பெயரில் அப்படி ஒரு ரிப்போர்ட் போனால் அவனை மறுபடி எடுக்கமாட்டார்கள். அந்த விதியை ஸ்டென்சில் வெட்டி ஒட்டியவனும் நான்தான்.

மறுநாள் காதரை ஸ்டேஷனரி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "டேய், என்கிட்டயாவது சொல்லுடா" என்றேன்.

"கடைசி குழிங்க சார். நான் மோரு ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டுப் போயி நிக்கறேன். பந்து குழிக்கு இத்தினி தூரம்தான்" என்று கையை அகட்டிக் காட்டினான். "ஐயா தள்ளினாரு. பக்கத்துல போயிருச்சு. வெள்ளைக்காரரு சிரிச்சுக்கிட்டே வந்து முதுகுல தட்டிக் குடுத்தாரு. அவரு அந்தாண்ட திரும்பினதும் ஐயா குச்சிய முட்டியில வெச்சு ஒரே வளைப்பு. புதருக்குள்ள வீசிட்டாரு. நான் பாத்துட்டேன்னு அவரும் பாத்துட்டாரு. 'வெளிய மூச்சு விடாத, உன் ஆர்டரை நான் பாத்துக்கறேன்'னாரு. ஆர்டரு வந்துரும்னுதான் சார் கேட்டுல வாயே தொறக்கல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயது மனுஷன், ஆயிரம் பேருக்குச் சம்பளக் கையெழுத்துப் போடுகிறவர், ஒரு பந்து குழியில் விழாததற்கு ஓட்டுநரின் வாழ்க்கையை முட்டியில் வைத்து வளைத்திருக்கிறார். அதைவிட எரிச்சல், இதற்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தவன் நான் என்பது. நான் நம்பர் வெட்டாமல், பாஸ் போடாமல் இருந்திருந்தால் ஒரு குச்சி போனது யாருக்கும் தெரிந்திருக்காது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

பாஸில் இதற்கு ஒரு வழி இருந்தது. 'உபயோகத்தில் சேதமானது' என்று ஒரு வரி, அதற்குக் கீழே உபயோகித்தவர் கையெழுத்து. ஜி.எம். ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சு உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பாத்துக்கோ" என்றார். இரண்டாம் தடவை தபால் ஃபைலுக்கு நடுவில் செருகி வைத்தேன். முன்னும் பின்னும் இருந்த எல்லாக் காகிதமும் பச்சை இனிஷியலோடு திரும்பின. அது மட்டும் வெறுமையாக வந்தது.

மூன்றாம் தடவை வாய்விட்டே கேட்டேன். "சார், காதர் அந்த மாதிரி ஆள் இல்ல சார்."

"நானும் சொல்லலையே. பையில வெச்சதா எனக்கு ஞாபகம். அதுக்கப்புறம் எப்படிக் காணாமப் போச்சு? நீயே சொல்லு."

நீங்கள்தான் வளைத்தீர்கள் என்று சொல்வதற்கு நாக்கு வரை வந்தது. எனக்கும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பை இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குள் காதரின் ஆறு மாதம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிஜிஸ்டரில் சிவப்பு வரி அப்படியே இருந்ததால் இந்த முறை ஒரு வாரம் கழித்து யாரும் கூப்பிடவில்லை. கிருஷ்ணகிரிக்கும் செய்தி போய்விட்டது. 'கம்பெனிச் சாமானைத் திருடினதாகச் சொல்கிறார்களே' என்று பெண் வீட்டில் கேட்டு அனுப்பினார்களாம்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஓர் இன்லன்ட் லெட்டர் வாங்கி, நான்கு வருடமாக மே மாதத்துக்கு மே மாதம் எழுதுகிற அந்த போஜனுக்கு எழுதினேன். கடைசிக் குழிக்குப் பக்கத்துப் புதரில் ஒரு குச்சி கிடக்கும், தலையில் எங்கள் கம்பெனி எழுத்தும் பதினான்கு என்ற நம்பரும் இருக்கும், ஒரு பையனின் வேலை அதில் இருக்கிறது, தயவுசெய்து தேடு என்று. அப்புறம் ஒவ்வொரு நாளும் தபால்காரரை கேட் வரைக்கும் போய் எதிர்கொண்டேன். மைதானத்து அனுமதிக் கடிதத்துக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

சுபேதார் சிவப்பு மையில் எழுதிய இருபத்தாறாம் நாள் கோணிச் சாக்கில் சுற்றித் தைத்த பார்சல் ஒன்று வந்தது. பிரித்தேன். அரிவாள் போல வளைந்த குச்சி. ஒரு மாத மழையில் துரு ஏறியிருந்தாலும் நம்பர் பளிச்சென்று இருந்தது. டூல் ரூம் ஆழமாக வெட்டியிருந்த புண்ணியம். கூடவே ஒரு கடிதம்.

'முனிரத்தினம் ஐயாவுக்கு போஜன் எழுதியது. நீங்கள் சொன்ன இடத்தில் முள்புதருக்குள் கிடந்தது. எடுப்பதற்குள் கையெல்லாம் கீறல். நல்ல குச்சி. முட்டியில் வைத்து வளைத்தால் எந்தக் குச்சியும் தாங்காது. உங்கள் பெரிய ஐயாவுக்குக் கை நன்றாக இருக்கிறது. கோபத்தைக் குறைத்தால் ஆட்டம் வரும். அடுத்த வருடமும் என்னையே சொல்லவும்.'

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். குச்சியையும், சேத ஃபாரத்தையும், டிராயரில் இருந்த காதரின் ஆர்டரையும் கொண்டுபோய் ஜி.எம். மேஜையில் வைத்தேன். அவர் குச்சியைப் பார்த்தார். தொடவில்லை.

"எங்க இருந்துது?"

"கடைசிக் குழிக்குப் பக்கத்துல, முள்புதர்ல சார்."

"யாரு சொன்னது?"

"நம்பர் இருந்துது சார்" என்றேன்.

அவர் பச்சைப் பேனாவைத் திறந்து காதரின் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் என் பக்கம் தள்ளினார். "மீதிய பாத்துக்கோ."

அன்றைக்கே பஸ் பிடித்து ராயக்கோட்டை மண்டிக்குப் போனேன். காதர் லாரியில் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆர்டரை வாங்கி இரண்டு தடவை படித்தான். துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையை நிமிர்த்தி, "சார், நான் எடுக்கலைன்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டான்.

போடவில்லை. அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஆர்டரை வைத்து அவனை வேலையில் சேர்த்துக்கொண்டு, குச்சியோடு கேட்டுக்கு அழைத்துப்போனேன். சுபேதார் நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். "ஹதினாலு. லெக்க சரி" என்றார். ரிஜிஸ்டரைத் திறந்து அந்தச் சிவப்பு வரிக்கு எதிரே 'திரும்ப வந்தது, வளைந்த நிலையில்' என்று எழுதினார். பேனாவை நிறுத்தினார். "யாரால சேதம்? கண்ணால பாத்தவங்க கையெழுத்து?"

"நான் போடறேன் சுபேதார்" என்றேன். எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது.

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப நீ போடக் கூடாது." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவர் காதர் பக்கம் திரும்பியிருந்தார். "ஏனப்பா, நீ பாத்தியா?"

காதர் தலையாட்டினான். ஆனால் பேனாவைத் தொடவில்லை. "வேலை போயிருமுங்க" என்றான்.

"இவத்து நீ டெம்பரரியா, பர்மனென்டா?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து பர்மனென்ட்டுங்க."

"அப்ப எழுது. பர்மனென்ட் ஆளை விசாரணை இல்லாம யாரும் ஏனும் மாடக்காகல்ல, ஒண்ணும் பண்ண முடியாது. விசாரணை வெச்சா இந்தக் குச்சியையும் மேஜை மேல வெக்கோணும். யாரு வெப்பாங்க?"

காதர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, நாக்கைக் கடித்தபடி, நிதானமாக எழுதினான்: 'இந்தக் குச்சியை ஜி.எம். ஐயா ஆட்டம் தோத்த கோபத்தில் முட்டியில் வைத்து வளைத்துப் புதரில் வீசினார். நான் பார்த்தேன். நான் எடுக்கவில்லை. காதர் பாஷா, ஓட்டுநர், பர்மனென்ட்.'

வாரா வாரம் சனிக்கிழமை அந்த ரிஜிஸ்டர் ஜி.எம். மேஜைக்குப் போகும், பக்கத்துக்குப் பக்கம் அவர் இனிஷியல் போட வேண்டும். அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு நான் கேண்டீனில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் ரிஜிஸ்டர் கேட்டுக்குத் திரும்பிவிட்டதா என்று மெல்லப் போய்ப் பார்த்தேன். சுபேதார் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். காதரின் எழுத்துக்கு நேர் கீழே பச்சை இனிஷியல் இருந்தது. படித்துப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காதர் அந்தப் பக்கத்தை மாமனாரிடம் காட்ட ஒரு நாள் எடுத்துப்போகலாமா என்று கேட்டான். "ரிஜிஸ்டர் கேட் தாண்டாது. வேணும்னா அவரு பரட்டும்" என்று சொல்லிவிட்டார் சுபேதார். அடுத்த வாரம் மாங்காய் வியாபாரியே பஸ் ஏறி வந்தார். வெள்ளை வேட்டியும் தொப்பியுமாக கேட்டுக்கு வெளியே நின்றார். சுபேதார் கம்பிக்கு உள்ளிருந்து ரிஜிஸ்டரைத் திருப்பிப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஆர்டரையும் காதர் கையில் வைத்திருந்தான். அதை அவர் கேட்கவே இல்லை.

"கீழ இருக்கற பச்சை மை யாருதுங்க?"

"அவருதே. ஜி.எம்." என்றார் சுபேதார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். காதர் பக்கம் திரும்பினார். "இதை உன் கையாலயே எழுதினியா நீ?" என்றார். "ஆமாங்க மாமா" என்றான். "சரி, மாங்கா சீசன் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஆறு மாம்பழம் எடுத்து சுபேதாரிடம் நீட்டினார். உள்ளே வரும் பொருளுக்கு இன்வர்ட் என்ட்ரி போட வேண்டும் என்று சொல்லி, அந்த மனுஷன் அதையும் எழுதிக்கொண்டுதான் வாங்கினார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜி.எம். கூப்பிட்டார். புதிதாக வாங்கிய குச்சியால் பஞ்சு உருண்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"காதருக்குக் கல்யாணமாமே. என் சார்பா ஏதாவது நல்லதா வாங்கிக் குடு. பாத்துக்கோ."

எட்டு வருடமாக நான் அதற்குச் சொன்ன பதில் "சரி சார்" ஒன்றுதான். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றேன்.

உருண்டை டம்ளருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்.